மாடு பூட்டிய வயலில் ஒரு டான்ஸ் – நாமும் வீடியோ எடுக்கலாமா?



இப்போதெல்லாம் குழுக் கூட்டம் முடிந்ததும் பேச்சு செல்போன் பக்கம் போய்விடுகிறது. "எல்லாரும் ஒரே மாதிரி ஆடி வீடியோ போடுதாவ, நாமளும் போட்டா என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். "அய்யோ, ஊரு என்ன சொல்லும்?" என்று சிலர் பயப்படுகிறார்கள். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

டிரெண்ட் என்றால் என்ன?

ஒருவர் வேடிக்கையாக ஒன்று செய்து வீடியோ போடுவார். அதைப் பார்த்து ஆயிரம் பேர் அதே மாதிரி செய்வார்கள். அதுதான் டிரெண்ட். 2018-ல் டிரேக் என்ற கனடா பாடகரின் பாட்டுக்கு, அமெரிக்காவைச் சேர்ந்த ஷிக்கி என்பவர் தெருவில் நின்று ஆடிப் போட்டார். அதைப் பார்த்தவர்கள் ஓடுகிற காரிலிருந்து இறங்கி, கார் கூடவே ஆட ஆரம்பித்தார்கள். 'கிகி சேலஞ்ச்' என்று அதற்குப் பேர். பலருக்கு அடிபட்டது. நம் நாட்டிலும் போலீசார் எச்சரிக்கை கொடுத்தார்கள். மும்பை பக்கம் ரயிலில் இப்படி ஆடிய மூன்று இளைஞர்களை, மூன்று நாள் வசாய் ரயில் நிலையத்தைச் சுத்தம் செய்யும்படி கோர்ட் உத்தரவிட்டது.

அதே சமயத்தில் தெலங்கானாவில் லம்பாடிபள்ளி என்ற கிராமத்தில் அனில் கீலா, பில்லி திருப்பதி என்று இரண்டு பேர் என்ன செய்தார்கள் தெரியுமா? காருக்குப் பதில் ஏர் பூட்டிய மாடு. ரோட்டுக்குப் பதில் சேறு நிறைந்த நெல் வயல். மாடு மெல்ல நடக்க, பக்கத்திலேயே சேற்றில் குதித்து ஆடினார்கள். உலகமே அதைப் பார்த்து ரசித்தது. காரும் கிடையாது, ஆபத்தும் கிடையாது. தங்களிடம் இருந்ததை வைத்தே செய்தார்கள்.

அதே கிராமத்து யூடியூப் சேனலில் நடித்தவர்தான் கங்கவ்வா. வயல் வேலையும் பீடி சுற்றும் வேலையும் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். பேரன் பேத்தி எடுத்த வயதில் வீடியோவில் நடிக்க வந்தார். 2020-ல் தெலுங்கு பிக்பாஸ் நிகழ்ச்சி வரைக்கும் போனார். அழகு, வயது, படிப்பு எல்லாம் இதற்குத் தடையில்லை.

நம் கையில் என்ன இருக்கிறது?

தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மட்டிப் பழத்துக்கு 2023-லேயே கிடைத்துவிட்டது. கயிறு, பனை ஓலைப் பெட்டி, வாழைக்காய் வத்தல் என்று நம்மிடம் இல்லாத பொருளா? இவற்றை வைத்து எளிதாக ஒரு டிரெண்ட் வீடியோ எடுக்கலாம்:

1. போனை ஒரு இடத்தில் அசையாமல் சாய்த்து வையுங்கள். லென்சைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்துக்கு நேராக விழ வேண்டும்.

2. உதிரிப் பூவைக் காட்டுங்கள். உள்ளங்கையால் காமிராவை மூடி நிறுத்துங்கள்.

3. மாலையைக் கட்டி முடியுங்கள். மறுபடி உள்ளங்கையால் மூடியபடி எடுக்க ஆரம்பித்து, கையை விலக்கி மாலையைக் காட்டுங்கள்.

4. இரண்டையும் ஒட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் பூ மாலையாகிவிடும்! அரை நிமிடம் போதும். ஒட்டுவதற்கு வீட்டுப் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள்.

முகம் காட்டக் கூச்சமா? கையை மட்டும் காட்டுங்கள். வேலை செய்கிற கையைவிட அழகு வேறென்ன!

கவனிக்க வேண்டியவை

• படத்தில் வருகிற எல்லோரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அத்தோடு விடுங்கள். குழுவுக்காக என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. பரப்பிய வீடியோவைத் திரும்பப் பெறுவது கஷ்டம்.

• பாஸ்புக், ஆதார், வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை படத்தில் விழாமல் பார்த்துக்கிடுங்க.

• பாறை விளிம்பு, கடல் அலை, தண்டவாளம், ஓடுகிற வண்டி – இந்த நாலு பக்கமும் போகவே வேண்டாம்.

• உடனே பணம் கொட்டும் என்று நம்ப வேண்டாம். யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு ஒரு வருடத்தில் 4,000 மணி நேரம் வீடியோவை மக்கள் பார்த்திருக்க வேண்டும்; குறும்படம் என்றால் 90 நாளில் 1 கோடி பார்வை. "பணம் கட்டினால் பிரபலமாக்குகிறேன்" என்று யாராவது சொன்னால், அது ஏமாற்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

• எடுத்த வீடியோவைப் போனிலும் வைத்திருங்கள். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் மட்டும் போட்டு வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

கேலி வந்தால்?

வரும். வங்கிக்குப் போனபோதும், மேடையில் பேசியபோதும் வந்ததுதானே? தனியாகப் போட்டுத் தனியாகத் திட்டு வாங்குவதைவிட, குழுவாகப் பேசி முடிவெடுத்தால் தைரியம் கூடும். கெட்ட கமெண்டுக்குப் பதில் எழுதாதீர்கள், நீக்குங்கள். மிரட்டினால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். எதை எடுப்பது, யார் வருவது, யார் வரவில்லை, யார் போனில் போடுவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நம்மை யார் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வோம். அதன் பிறகு ஆடுவோம், பாடுவோம், சிரிப்போம்!