இலவசச் சிப்பாய்க்கு என்ன விலை?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் செஸ் புரோகிராமுடன் மோதிப் பார்க்காதவர்கள் குறைவு. வெட்டிய காய்கள் திரையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும். எதிராளியின் சிப்பாய்கள் இரண்டு, மூன்று என்று அங்கே சேரும்போது பாதி ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அடுத்த சில நகர்த்தல்களில் நம் ராஜாவுக்கு செக் மேட்! ஏன் இப்படி ஆகிறது?

காம்பிட் என்றால் என்ன?

ஆட்டத் தொடக்கத்தில் ஒன்றிரண்டு சிப்பாய்களை வேண்டுமென்றே வெட்டக் கொடுப்பதற்கு காம்பிட் என்று பெயர். இது இலவசம் அல்ல. ஒவ்வொரு சிப்பாயை வெட்டவும் உங்களுக்கு ஒரு நகர்த்தல் செலவாகிறது. அந்த நேரத்தில் எதிராளி தன் காய்களுக்கு வழி திறந்து வெளியே கொண்டு வந்துவிடுகிறார்.

டேனிஷ் காம்பிட் இதற்கு நல்ல உதாரணம். உங்கள் புரோகிராமில் இருவர் ஆடும் முறையைத் தேர்ந்தெடுத்து, இரு பக்கமும் நீங்களே நகர்த்திப் பாருங்கள். வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், கட்டங்கள் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை.

1. வெள்ளைச் சிப்பாய் இ4. கறுப்புச் சிப்பாய் இ5.
2. வெள்ளைச் சிப்பாய் டி4. கறுப்பு அதை வெட்டுகிறது.
3. வெள்ளைச் சிப்பாய் சி3. கறுப்பு அதையும் வெட்டுகிறது.
4. வெள்ளை மந்திரி சி4. கறுப்பு பி2 சிப்பாயை வெட்டுகிறது.
5. வெள்ளையின் மற்ற மந்திரி பி2-வில் அந்தச் சிப்பாயை வெட்டுகிறது.

இப்போது போர்டைப் பாருங்கள். கறுப்புக்கு இரண்டு சிப்பாய் லாபம். ஆனால் நான்கு முறையும் நகர்ந்தது ஒரே சிப்பாய்தான், அதுவும் போய்விட்டது. வேறு எந்தக் காயும் வெளியே வரவில்லை. வெள்ளையின் இரண்டு மந்திரிகளும் கறுப்பு ராஜாவின் பக்கம் குறி வைத்து நிற்கின்றன.

மூன்றாவதும் நான்காவதும்

1863-ல் பாரிசில் லிண்டன் வெள்ளைக் காய்களுடனும் மச்சுஸ்கி கறுப்புக் காய்களுடனும் ஆடிய ஆட்டம் இப்படித்தான் தொடங்கியது. கறுப்பு 7-வது நகர்த்தலில் குதிரையால் இ4 சிப்பாயையும் வெட்டியது. லாபம் மூன்று சிப்பாய். ஆனால் இ வரிசை முழுவதும் திறந்துவிட்டது. சில காய்கள் பரிமாறப்பட்ட பின், ஜி7 சிப்பாயைக் காக்க கறுப்பு ராணி ஜி5-க்கு வந்தது. உடனே வெள்ளை யானை திறந்த வரிசையில் இ1-க்கு வந்து செக் சொன்னது. கறுப்பு ராஜா டி8-க்கு ஓடியது. இனி அதற்கு காஸ்லிங் கிடையாது.

அடுத்து வெள்ளை எப்4-ல் இன்னொரு சிப்பாயைக் காட்டியது. கறுப்பு ராணி அதையும் வெட்டியது. இதனால் ஜி7-ன் காவல் போனது. வெள்ளை மந்திரி ஜி7 சிப்பாயை வெட்ட, கறுப்பு யானை ஜி8-க்கு நகர்ந்தது. அடுத்து வெள்ளை தன் ராணியையே ஜி4-ல் வைத்தது. அதை வெட்டினால் மந்திரி எப்6-க்கு வந்து மேட். கறுப்பு வெட்டாமல் ராணியை டி6-க்கு நகர்த்தியும் தப்பவில்லை. 15-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. அப்போதும் கறுப்பின் ஒரு யானை, ஒரு குதிரை, ஒரு மந்திரி தொடங்கிய இடத்திலேயே நின்றன.

ராணியை நகர்த்தாமல் 10-வது நகர்த்தலில் காஸ்லிங் செய்திருந்தால்? அதுவும் தோல்விதான். வெள்ளை ராணி ஜி4, கறுப்புச் சிப்பாய் ஜி6, வெள்ளை ராணி டி4. இனி மேட்டைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது.

என்ன செய்யலாம்?

காம்பிட்டை ஏற்பதே தவறு என்று நினைக்க வேண்டாம். எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும். முதல் சிப்பாயோடு நிறுத்தி, 3-வது நகர்த்தலில் கறுப்புச் சிப்பாயை டி5-க்குத் தள்ளுவது பாதுகாப்பான வழி.

இரண்டையும் எடுத்துவிட்டீர்களா? 5-வது நகர்த்தலில் டி5 ஆடி, வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். ஆஸ்திரிய வீரர் கார்ல் ஷ்லெக்டர் பெயரால் அறியப்படும் தற்காப்பு இது. இதில் ராணிகள் வெட்டுப்பட்டு, இரு பக்கமும் ஐந்தைந்து சிப்பாய்களுடன் சமமாக நிற்கும் நிலை வரும். வெள்ளையின் தாக்குதல் அடங்கிவிடும்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

ஓரத்தில் நிற்கும் காய்களை எண்ணாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்பிஷ் போன்ற என்ஜின்கள் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்பெண் தரும். பிளஸ் என்றால் வெள்ளைக்கு அனுகூலம். மைனஸ் என்றால் கறுப்புக்கு. மேலே சொன்ன ஆட்டத்தை அதில் நகர்த்தி, ஒவ்வொரு சிப்பாயை வெட்டிய பிறகும் அந்த எண் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். அடுத்த முறை இலவசமாக ஒரு சிப்பாய் கண்ணில் பட்டால், மவுசைக் கிளிக் செய்யும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என் ராஜா பத்திரமாக இருக்கிறதா? என் காய்கள் வெளியே வந்துவிட்டனவா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், அந்தச் சிப்பாய் அங்கேயே இருக்கட்டும்.