தனித்தோணியும் கரைத்துணையும்

திருகோணமலைத் துறைமுகத்தையடுத்த பாலையூற்றில் வாழும் ஒருவருக்கு, அவருடைய நண்பர் தொலைதேசத்திலிருந்து சிறு தோணியொன்றில் தன்னந்தனியே வந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். நண்பர் எப்போது வந்து சேருவார்? எங்கே நின்றால் அவரைக் காணலாம்? தெருவழியே வருபவரை எதிர்கொள்வது எளிது. நீர்வழியே வருபவரை எதிர்கொள்வதற்கோ கணக்கும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

முதலில் பார்வையின் எல்லையை அறிதல் நன்று. பூமி உருண்டையாதலின், கடற்கரையில் நிற்கும் மனிதருக்குத் தொடுவானம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீற்றர் தொலைவிலேயே முடிந்துவிடுகின்றது. தோணியில் அமர்ந்திருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 80 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், அவர் காணும் எல்லை மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டதே. 100 மீற்றர் உயரமுள்ள குன்றில் நிற்பவருக்கு அது 36 கிலோமீற்றர் வரை விரியும். ஆயினும், அலைகளுக்கிடையே தாழ்ந்து மிதக்கும் ஒரு தோணியை அத்துணைத் தொலைவில் வெறுங்கண்ணாற் காண இயலாது.

திருகோணமலையில் இன்னொரு தடையும் உண்டு. கோணேசர் ஆலயம் அமைந்துள்ள சுவாமிமலையில் நிற்பவர் திறந்த கடலை நன்கு பார்க்கலாம். தோணி கொட்டியாரக் குடாவிற் புகுந்து உட்துறைமுகத்தை நோக்கித் திரும்பிவிட்டால், முனைகளும் மேடுகளும் அதனை மறைத்துவிடும். அப்போது கரையிலுள்ளவர் அதன் பின்னே ஓடிப் பயனில்லை. அடுத்து அது எங்கே வெளிப்படும் என்று கணித்து, அவ்விடத்துக்கு முன்னதாகவே சென்று காத்திருக்கவேண்டும்.

அக்கணிப்புக்கு உதவுவது வேகம். அமைதியான நீரில் துடுப்பு வலிப்பவர் மணிக்கு ஐந்து அல்லது ஆறு கிலோமீற்றர் செல்லலாம். எதிர்க்காற்று வீசினால் அது பாதியாகக் குறையும். கீழைக்கரையில் வாடைக்காற்று வலுக்கும் மார்கழி, தை மாதங்களில் திறந்த கடலிற் சிறு தோணியைச் செலுத்துவது பேராபத்து. ஆகவே, குறித்த நாளில் நண்பர் வராவிடின் உடனே அஞ்சுதல் வேண்டா. காற்றடங்குமட்டும் அவர் எங்கேனும் கரையொதுங்கியிருக்கக்கூடும். அதேவேளை, அவர் உண்மையாகவே இடருற்றிருக்கவும் கூடும். இவ்விரண்டையும் தூரத்திலிருந்து பிரித்தறிய இயலாமையே பின்தொடர்பவரின் பெருந்துயரம்.

இத்தகைய பயணங்களுள் வரலாற்றில் தலைசிறந்து விளங்குவது ஒஸ்கார் ஸ்பெக் என்னும் ஜெர்மானியரின் பயணமாகும். 1907இல் பிறந்த இவர் மின்தொழில் செய்துவந்தவர். உலகப் பொருளாதார வீழ்ச்சியிற் பிழைப்பை இழந்து, 1932ஆம் ஆண்டு மே மாதத்தில், மடித்தெடுக்கக்கூடிய துணித்தோணி ஒன்றை ஊல்ம் நகரருகே தன்யூப் நதியில் மிதக்கவிட்டார். சைப்பிரசுத் தீவின் செப்புச் சுரங்கங்களில் வேலை தேடுவதே அவர் கருத்து. சைப்பிரசை அடைந்த பின்னர் அவர் மனம் மாறியது. சிரியாவின் கரையை அடைந்து, அங்கிருந்து தரைமார்க்கமாக யூப்பிரத்தீசு நதிக்குச் சென்று, அந்நதிவழியே பாரசீக வளைகுடாவில் இறங்கினார். பின் இந்தியாவின் மேலைக்கரையை ஒட்டி வந்து, 1935இல் இலங்கையை எட்டினார். அப்பால் சென்னை, கல்கத்தா, பர்மா, மலாயா, யாவா என்று அவர் பயணம் நீண்டது.

ஏழாண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ 50,000 கிலோமீற்றர் கடந்த இவரைத் தனியர் என்று உலகம் போற்றுகின்றது. தோணியில் அவர் தனியர் என்பது மெய்யே. நடுக்கடலில் சுக்கானையும் துடுப்பையும் விட்டு உறங்க அவருக்கு வழியில்லை. அலைக்குத் தக்கபடி இடைவிடாது தோணியைச் செலுத்தவேண்டும். ஆனால், தோணி ஒவ்வொரு முறை கரை தொட்டபோதும் அவர் பிறரையே நம்பியிருந்தார். குடிநீரும் உணவும் கரையிலிருந்து வந்தன. மலேரியாக் காய்ச்சல் பிடித்தபோது மருந்தும் படுக்கையும் கரையிலேயே கிடைத்தன. பழுதடைந்த தோணிக்குப் பதிலாகப் புதியதை அனுப்பிவைத்தது, அதனைச் செய்த ஜெர்மானிய நிறுவனம்.

கரை எப்போதும் இனிதாக இருந்ததில்லை. ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த லாக்கோர் என்னும் சிறு தீவில், சிலர் இரவிலே அவரைக் கட்டிவைத்து அடித்தனர். ஒரு காதின் செவிப்பறை கிழிந்தது. எவ்வாறோ கட்டை அவிழ்த்துக்கொண்டு, தோணியேறித் தப்பினார். இந்நிகழ்ச்சிக்குப் பின்னும், அடுத்த தீவின் மனிதரை அவர் நம்பியே ஆகவேண்டியிருந்தது. தனிப்பயணிக்கு வேண்டிய துணிவுகளுள் இதுவே அரியது.

1939 செப்தெம்பரில் அவர் அவுஸ்திரேலியாவுக்கு உரிய சைபாய்த் தீவை அடைந்தார். அதற்குள் உலகப்போர் மூண்டுவிட்டது. அவருடைய தோணியிலோ ஜெர்மனியின் அந்நாளைய சுவஸ்திகைக் கொடி இருந்தது. எதிர்கொண்ட காவலர் முதலில் அவரது அருஞ்செயலைப் பாராட்டினர். பின்னர், பகைநாட்டவர் என்று கைது செய்தனர். போர்க்காலம் முழுதும் தடுப்புமுகாம்களிற் கழித்து, 1946இல் விடுதலை பெற்றபின், அந்நாட்டிலேயே ஓபல் கல் வணிகராக வாழ்ந்தார். அவர் எடுத்த ஒளிப்படங்களும் அவருடைய ஆவணங்களும் இன்று சிட்னியிலுள்ள அவுஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றன.

ஸ்பெக்கின் காலத்தில், அவருடைய ஊரார் ஒரு கடிதத்துக்கும் மறு கடிதத்துக்கும் இடையே பல வாரங்கள் காத்திருந்தனர். இக்காலத்திலோ, செய்மதியின் துணையால், தோணி நிற்கும் இடத்தை வீட்டிலிருந்தே கைத்தொலைபேசியிற் காணலாம். ஆயினும், அப்புள்ளி நகராது நின்றுவிட்டால், பயணி இளைப்பாறுகிறாரா, இடருற்றாரா என்பதை அது கூறமாட்டாது. அதனை அறிய ஒருவர் எழுந்து கரைக்குச் செல்லவேண்டும். பாலையூற்று நண்பர் ஒரு போத்தல் நன்னீரும் சூடான உணவும் எடுத்துக்கொண்டு, கணித்த நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே துறைக்குச் செல்வாராயின், அப்பயணத்தில் அவருக்கும் பங்குண்டு.