டையோடை அகற்றினால் விரியும் அலைவரிசை: உரிமம் இடமளிக்கிறதா?

புதுதில்லி: ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் பயன்படுத்தும் கையடக்கக் கருவிகள் சிலவற்றில், மின்சுற்றுப் பலகையிலுள்ள சிறு டையோடு ஒன்றை அகற்றினாலே சமிக்ஞை அனுப்பும் அலைவரிசை எல்லை விரிந்துவிடும். கருவி எந்தச் சந்தைக்குரியது என்பதை நுண்செயலிக்கு உணர்த்தும் அடையாளமே அந்த டையோடு.

ஆனால், அதனுடன் உரிமத்தின் எல்லை விரிவதில்லை. இந்தியாவில் இத்தகைய கருவிகளுக்கு ஹாம் உரிமதாரர்கள் பெரும்பாலும் பயன்படுத்துபவை 144 முதல் 146 வரையிலும், 434 முதல் 438 வரையிலுமான மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள். இவற்றுக்கு வெளியே பேசினால் காவல்துறை உள்ளிட்ட பிற சேவைகளின் தகவல் தொடர்பில் குறுக்கீடு நேரலாம். பேசுபவர் அதை அறியவே மாட்டார்.

தொழில்நுட்ப இழப்பும் உண்டு. வடிகட்டியும் ஆன்டெனாவும் பழைய எல்லைக்கென வடிவமைக்கப்பட்டவை என்பதால், அதைத் தாண்டும்போது ஆற்றல் குறைவதுடன் வேண்டாத அலைகளும் வெளிப்படக்கூடும்.