பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு!

உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா முதல்ல காபி வருமா, இல்ல நீங்க வருவீங்களா? சங்கரன்கோவில்ல எங்க வீட்டுல நான்தான் வருவேன். "ஏட்டி, மாமாவுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு!" என்பார் அப்பா. ஆடித்தபசுக்கு வந்த சொந்தக்காரங்க நடுவுல, தறிச் சத்தத்தையும் மீறிக் கத்திச் சொல்வேன். கைதட்டல் விழும். 'கம்ப்யூட்டர் மூளை'ன்னு பட்டம் வேற. அப்போ வயசு ஆறு. இப்போ இருபது. கணக்குப் பேப்பர்ல ஒரு அரியர். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

அதனாலதானோ என்னவோ, சகுந்தலா தேவியின் கதை என்னைத் தூங்க விடல.

1929-ல் பெங்களூருவில் பிறந்தவர். அப்பா சர்க்கஸ் கலைஞர். மூணு வயசு மகளுக்குச் சீட்டு வித்தை சொல்லிக் கொடுத்தப்போ, எண்களை அவள் அசராமல் ஞாபகம் வைத்திருப்பதைக் கவனித்தார். சர்க்கஸை விட்டார்; மகளை மேடை ஏற்றினார். ஆறு வயசில் மைசூர் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி. முறையான பள்ளிப் படிப்பு மட்டும் கிடையாது.

1980 ஜூன் 18, லண்டன் இம்பீரியல் கல்லூரி. இரண்டு 13 இலக்க எண்களைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னார்கள். 28 விநாடியில் 26 இலக்க விடை ரெடி!

1988-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஆர்தர் ஜென்சன் என்ற உளவியலாளர் அவரைச் சோதித்தார். 6,16,29,875-ன் கனமூலம் என்ன? ஜென்சன் கேள்வியை நோட்டில் எழுதி முடிக்கும் முன்னாடியே '395' என்று பதில் வந்துவிட்டது. ஆனா ஒரு ஆச்சரியம். மூளையின் அடிப்படை வேகத்தை அளக்கும் எளிய சோதனைகளில் அவர் நம்மை மாதிரிதான்! எண்களும் உத்திகளும் வருஷக்கணக்கா அவர் ஞாபகத்தில் ஊறிக் கிடந்ததுதான் காரணம் என்று நினைத்தார் ஜென்சன். மந்திரம் இல்ல பாஸ். ஒரு முழு குழந்தைப் பருவம் அதுக்குள்ள போயிருக்கு.

2013 ஏப்ரலில் சகுந்தலா தேவி மறைந்தார். அந்த 28 விநாடி சாதனைக்கான கின்னஸ் சான்றிதழ் 2020 ஜூலையில்தான் வந்தது. கை நீட்டி வாங்கியவர் மகள் அனுபமா பானர்ஜி. அதே மாசம், அவர் சொன்னதை வைத்து எடுத்த படமும் வெளியானது. சகுந்தலாவாக வித்யா பாலன். படத்தில் கணக்கு மேதை மட்டும் இல்லை. பாவாடை வயசிலேயே குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்ட சிறுமி இருக்கிறாள். பின்னால் தன் மகளையும் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு அலைந்த அம்மா இருக்கிறார். அந்த அம்மா மேல் கோபப்பட்ட மகளும் இருக்கிறார்.

இறந்த அம்மாவின் போட்டோவுக்கு மாலை போட்டு, நல்லதை மட்டும் சொல்லியிருக்கலாம். அனுபமா அப்படிச் செய்யல. பெருமையையும் கோபத்தையும் சேர்த்தே சொல்ல விட்டார். ஆனா அதைக் கேட்க அம்மா இல்லை.

எங்க அப்பா இருக்கார். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போறேன். "பதினேழு பதினேழு இருநூத்தி எம்பத்தொம்போது. மறக்கலப்பா. ஆனா ஒரு அரியர் இருக்கு"ன்னு சொல்லப் போறேன்.

நீங்க உங்க வீட்டுல என்ன சொல்லாம வெச்சிருக்கீங்க?