விமானியின் ஊதியம்: அளவுகோல் எது?

முன்னுரை

உழைப்புக்கு ஊதியம் வரையறுக்கும் முறைகள் பல. நெசவாளர்க்கு நெய்த துணியின் அளவைக் கொண்டு கூலி. அறுவடை செய்வோர்க்கு அளந்து தரும் நெல். ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் மாதச் சம்பளம். தொழிலின் இயல்புக்கேற்ப அளவுகோலும் வேறுபடுகிறது. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. அக்கண்டனம் கடைத்தெருத் தராசுக்கு மட்டும் உரியதன்று. மனித உழைப்பை அளக்கும் கோலுக்கும் பொருந்தும். பயணியர் விமானத்தைச் செலுத்தும் விமானிக்கு எந்தக் கோலால் அளந்து ஊதியம் வழங்குவது? இவ்வினாவோடு நூறாண்டுகளாகப் போராடி வரும் அமெரிக்க நாட்டின் பட்டறிவைத் துணைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

மைலா, மணியா?

அமெரிக்காவில் விமான அஞ்சல் 1918 இல் தொடங்கிற்று. வழிகாட்டும் கருவிகள் வளராத அக்காலத்தில், மூடுபனியில் பறப்பது உயிரைப் பணயம் வைப்பதாகவே இருந்தது. 1919 ஜூலையில், பனி சூழ்ந்த நாளில் பறக்க மறுத்த விமானி பணிநீக்கம் செய்யப்பட்டார். உடனே ஏனைய விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பறப்பதா, வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே அன்று எழுந்த வழக்கு. ஊதியம் பற்றிய பிற்கால வழக்குகள் அனைத்திலும் இவ்வினா மறைந்து நிற்பதைக் காணலாம்.

அஞ்சல் விமானிகள் அடிப்படைச் சம்பளத்தோடு, பறந்த மைல்களுக்கு ஏற்பத் தனித்தொகையும் பெற்றனர். 1930களில் விரைவு மிக்க விமானங்கள் வந்தன. போயிங் 247 பணிக்கு வந்த ஆண்டு 1933. நிறுவனங்கள் மைல் கணக்கைக் கைவிட்டு மணிக்கணக்கில் ஊதியம் தர விரும்பின. காரணம் எளிது. மணிக்கு 100 மைல் செல்லும் விமானம் 600 மைலைக் கடக்க ஆறு மணி நேரமாகும். 150 மைல் செல்லும் விமானத்துக்கு நான்கு மணி நேரமே போதும். மணிக்கணக்கில் விரைவின் பயன் முழுவதும் நிறுவனத்துக்குச் சேரும். மைல் கணக்கில் விமானிக்கும் அதில் பங்கு உண்டு.

1931 இல் தோன்றிய விமானிகள் சங்கம் இவ்வழக்கை அரசின் முன் கொண்டு சென்றது. தேசியத் தொழிலாளர் வாரியம் 1934 இல் அளித்த 83 ஆம் தீர்ப்பு, இரு தரப்பையும் ஒருவாறு இணைத்தது. அடிப்படைச் சம்பளம், விமானத்தின் வேகத்துக்கேற்ற மணி ஊதியம், மைல் ஊதியம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஊதியம் கணக்கிடப்பட்டது. அதனோடு, ஒரு மாதத்தில் 85 மணி நேரத்துக்கு மேல் பறத்தலாகாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. மிகுதியாகப் பறந்தால் மிகுதியாகப் பணம் என்னும் முறைக்கு ஒரு கடிவாளம் தேவை என்பதை அத்தீர்ப்பு உணர்ந்திருந்தது. 1938 ஆம் ஆண்டின் வான்போக்குவரத்துச் சட்டமும் அத்தீர்ப்பைப் பின்பற்றுமாறு நிறுவனங்களைப் பணித்தது.

இன்றைய முறை

இன்று பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்களில் மூன்று கூறுகள் மணி ஊதியத்தை வரையறுக்கின்றன: தலைமை விமானியா துணை விமானியா என்பது, விமானத்தின் வகை, பணிமூப்பு. பொதுவாக, விமானம் நிலையத்திலிருந்து நகரத் தொடங்கும் கணம் முதல் சேருமிடத்தில் நிற்கும் கணம் வரையே மணி கணக்கிடப்படும். மாதத்துக்கு இத்தனை மணி ஊதியம் உறுதி என்ற ஏற்பாடும் உண்டு.

இம்முறையில் இரு குறைகள் உள்ளன. வானிலை அறிதல், எரிபொருள் கணக்கிடல், கருவிகளைச் சோதித்தல் முதலிய பணிகள் விமானம் நகருமுன்பே நிகழ்வன. அவை மணிக்கணக்கில் சேரா. ஒரே நீண்ட பயணம் செல்பவரினும், ஒரு நாளில் ஐந்து குறும்பயணங்கள் செல்பவர்க்கு இவ்விழப்பு மிகுதி. இரண்டாவதாக, பெரிய விமானத்தின் விமானிக்கே பேரூதியம். பயணியர் மிகுந்தால் வருவாயும் பொறுப்பும் மிகும் என்பது உண்மையே. ஆயினும் ஏறுதலும் இறங்குதலுமே பயணத்தின் கடினமான கட்டங்கள். அவற்றை நாளெல்லாம் செய்பவர் சிறு விமானத்தின் விமானியே. யூபிஎஸ் என்னும் சரக்கு விமான நிறுவனம், விமானத்தின் வகை எதுவாயினும் ஒரே ஊதிய வீதம் என்னும் முறையைக் கைக்கொண்டிருப்பது இங்குக் கருதத்தக்கது.

மறுக்கும் உரிமையின் விலை

2009 பிப்ரவரி 12 அன்று, நூவர்க்கிலிருந்து பஃபலோ சென்ற கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 ஆம் விமானம் வீழ்ந்து, தரையில் இருந்த ஒருவர் உள்பட 50 பேர் மாண்டனர். வேகக்குறைவை உணர்த்திய எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறாக எதிர்வினை ஆற்றியதே முதற்காரணம் என விசாரணையில் முடிவாயிற்று. விமானிகளின் களைப்பும் அவ்வறிக்கையில் இடம்பெற்றது. குறைந்த ஊதியம் பெற்ற துணை விமானி, நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். அவருக்கு உடல்நலமும் இல்லை. நோய் விடுப்பு எடுத்தால், குணமாகும் வரை விடுதியில் தங்கும் செலவு தம் தலையில் விழும் என்று அவர் பேசியது ஒலிப்பதிவில் உள்ளது.

கைத்தறி நெசவாளர் களைத்தால் அன்று துணி குறையும், இழப்பு அவருக்கு. களைத்த விமானி கூலியை இழக்க அஞ்சிப் பறந்தால், இழப்பு அவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அனைவர்க்கும். துணிக்குரிய அளவுகோல் இத்தொழிலுக்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

2014 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகள், களைப்புற்ற விமானி பறத்தலாகாது என்கின்றன. எந்த 365 நாளிலும் 1000 மணிக்கு மேல் பறப்பதையும் தடுக்கின்றன. ஆயினும், பறக்க இயலாது என ஒதுங்கிய நாளுக்கு ஊதியம் உண்டா என்பதை அவ்விதிகள் கூறவில்லை. அதனை ஊதிய ஒப்பந்தமே கூற வேண்டும்.

சந்தையே போதுமா?

ஊதியத்தைச் சந்தையே வரையறுக்கட்டும் என்பாரும் உளர். 1978 இல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியபின் நிகழ்ந்தவை இதற்கு விடை பகரும். 1983 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், புதிதாகச் சேர்வோர்க்குக் குறைந்த வீதம் என இரட்டை ஊதிய முறையைப் புகுத்தியது. 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 உயிர்களைக் காத்த தலைமை விமானி சல்லன்பர்கர், மறுமாதமே நாடாளுமன்றக் குழுவின் முன், தம் ஊதியம் 40 விழுக்காடு குறைக்கப்பட்டதைச் சொன்னார். பின்னர் விமானிகள் பற்றாக்குறை வந்தது, நிலை தலைகீழாயிற்று. 2023 இல் டெல்டா நிறுவனம் நான்காண்டுகளில் 34 விழுக்காடு உயர்வுக்கு ஒப்பந்தம் செய்தது.

இவ்வாறு ஊதியம் ஏறி இறங்கினும், விமானியின் பொறுப்பு ஏறவோ இறங்கவோ இல்லை. பயணி சீட்டின் விலையை அறிவார். விமானி உறங்கினாரா என்பதை அறியார். காண இயலாத ஒன்றுக்குச் சந்தை விலை வைப்பதில்லை.

வரையறுக்கும் நெறிகள்

இதுகாறும் கண்டவற்றால் சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம். ஊதியத்தின் பெரும்பகுதி உறுதியான மாதத்தொகையாக இருத்தல் வேண்டும். நோயாலோ, களைப்பாலோ, வானிலையாலோ பறவாத நாளுக்கு ஊதியம் குறையலாகாது. பறப்பு நேரத்தோடு பணி நேரம் முழுவதும் கணக்கில் சேர வேண்டும். தொடக்க நிலை விமானி தம் பணித்தளத்துக்கு அருகிலேயே குடியிருக்கப் போதிய அளவு அடிமட்ட ஊதியம் அமைய வேண்டும். இவற்றின்மேல், நிறுவனத்தின் வருவாய்க்கேற்ற உயர்வைக் கூட்டுப்பேரத்தால் முடிவு செய்துகொள்ளலாம்.

அளவோடு காலமும் முக்கியம். தொழிலாளியின் கூலியைத் தாழ்த்தாமல் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நம் நாட்டில் ஜெட் ஏர்வேஸ் நிறுவனம் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியபோது, அதன் விமானிகளுக்குச் சில மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது. வீட்டுக் கவலையைச் சுமந்துகொண்டு விமானியறைக்குள் செல்லும் நிலை எவர்க்கும் நேரலாகாது.

முடிவுரை

விமானம் செலவு மிக்க தொழில். ஊதியத்தை எல்லையின்றி உயர்த்த எந்த நிறுவனத்தாலும் இயலாது. எனவே எவ்வளவு என்பதில் பேரம் இருக்கலாம். எதற்கு என்பதில் பேரம் கூடாது. விமானியின் திறமைக்கு ஊதியம் தருகிறோம். “இன்று பறக்க இயலாது” என அவர் சொல்லும் தீர்ப்பும் அத்திறமையின் ஒரு பகுதியே. அச்சொல்லைச் சொல்பவர்க்கு ஒரு காசும் இழப்பு நேராதவாறு அமைந்த ஊதியமே நேர்மையான ஊதியம். 1919 இல் பனிமூட்டத்தில் எழுந்த வழக்குக்கு அதுவே தக்க தீர்வாகும்.