ஒரே மகிழுந்து, இருவேறு கட்டணம்

தில்லியின் மயூர் விஹார் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் மூன்றாம் தளத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு குடும்பமும், ஐந்தாம் தளத்தில் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு குடும்பமும் வாழ்வதாகக் கொள்வோம். இரு குடும்பத்தாரும் ஒரே மாதத்தில் ஒரே வகை மகிழுந்தைப் புதிதாக வாங்கினர். நிறம் மட்டுமே வேறு. மூன்று ஆண்டுகள் கழிந்தன. காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஐந்தாம் தளத்தார் செலுத்திய தொகை 11,701 ரூபாய். மூன்றாம் தளத்தாரோ 15,831 ரூபாய் செலுத்த நேர்ந்தது.

மூன்றாம் தளத்துத் தந்தை இருபது ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவர். ஐந்தாம் தளத்துத் தாய், மகிழுந்து வாங்கிய ஆண்டில்தான் ஓட்டுநர் உரிமமே பெற்றார். பழகியவருக்கு மிகுந்த கட்டணமும் புதியவருக்குக் குறைந்த கட்டணமும் எவ்வாறு அமைந்தன? காப்பீட்டு நிறுவனம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதை அறிந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

பலர் சிறு தொகையாகச் செலுத்தும் பணத்தைத் திரட்டி, அவர்களுள் விபத்துக்கு உள்ளாகும் சிலருக்கு ஈடு செய்வதே காப்பீடு. கிராமங்களில் ஒரு வீட்டில் துயரம் நேர்ந்தால் ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து உதவுவதுண்டு. அங்கே துயரம் வந்தபின் பணம் திரட்டப்படுகிறது. இங்கே முன்னரே திரட்டப்படுகிறது. முன்னரே திரட்டுவதால், யாரிடம் எவ்வளவு வாங்குவது என்னும் கேள்வியும் உடன் பிறக்கிறது. இவ்வாறு செலுத்தப்படும் கட்டணத்தை வழக்கில் ‘பிரீமியம்’ என்பர்.

மோட்டார் காப்பீட்டுக் கட்டணம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி மூன்றாம் நபர் காப்பீடு. நம் வண்டியால் வேறொருவருக்கு உயிரிழப்போ காயமோ பொருளிழப்போ நேர்ந்தால், அவருக்கு இழப்பீடு கொடுப்பது இதன் பணி. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இஃது இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக் கூடாது. மீறுவோருக்கு முதன்முறை 2,000 ரூபாய் தண்டமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இம்முதற்பகுதியின் கட்டணத்தை எந்த நிறுவனமும் தன் விருப்பம்போல் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அதனை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, 1,000 சி.சி. வரை இயந்திரத் திறன் கொண்ட மகிழுந்துக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். 30 முதல் 65 கிலோவாட் வரை திறனுடைய மின்மகிழுந்துக்கு 2,904 ரூபாய் மட்டுமே. பட்டியலில் இயந்திரத்தின் அளவு இருக்கிறது. ஓட்டுபவரின் வயதோ பழக்கமோ இல்லை. நம் இரு குடும்பத்தாரின் மகிழுந்தும் 1,200 சி.சி. ஆகையால் இருவருமே 3,416 ரூபாய்தான் செலுத்தினர். வேறுபாடு இங்கே தோன்றவில்லை.

இம்முதற்பகுதியைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. புது வண்டி வாங்கும்போது காப்பீடு எடுத்துவிட்டு, மறு ஆண்டு புதுப்பிக்காமல் விடுவோர் பலர் இருந்தனர். அத்தகைய வண்டி மோதினால், அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012 இல் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018 இல் பிறந்த ஆணையின் பயனாக, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து புதிய மகிழுந்துகளுக்கு மூன்று ஆண்டுக்கும், புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை ஒருசேர எடுப்பது கட்டாயமாயிற்று. மயூர் விஹார்க் குடும்பத்தார் இருவரும் மூன்றாண்டுக்குப் பின் புதுப்பிக்க நேர்ந்தது இதனால்தான்.

கட்டணத்தின் இரண்டாம் பகுதி சொந்தச் சேதக் காப்பீடு. நம் வண்டி மோதி நசுங்கினாலும், தீப்பற்றினாலும், திருடு போனாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் நமக்கு ஈடு தருவது இது. இதனைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 2007 ஜனவரி முதல் நாள் தொட்டு இதன் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. ஆகவே ஒரே வண்டிக்கு நான்கு நிறுவனங்கள் நான்கு தொகை சொல்லக்கூடும். விசாரித்து வாங்குவதால் பயன் உண்டாவது இங்கேதான்.

நிறுவனங்கள் முதலில் பார்ப்பது வண்டியின் இன்றைய மதிப்பு. ஆறு மாதத்திற்கு உட்பட்ட வண்டியின் விலையில் 5 விழுக்காடும், ஓராண்டு வரை 15 விழுக்காடும், இரண்டாண்டு வரை 20 விழுக்காடும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் 10 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படும். ஐந்தாம் ஆண்டில் பாதி விலையே எஞ்சும். எஞ்சிய தொகையே காப்பீட்டு மதிப்பு. வண்டி திருடு போனால் கிடைக்கும் உச்சத் தொகையும் இதுவே. கட்டணம் குறையட்டும் என்று இம்மதிப்பை மிகக் குறைத்துக் காட்டச் சம்மதிப்போர் உண்டு. சேமிப்பு சில நூறு ரூபாய். வண்டி காணாமற்போகும் நாளில் இழப்போ பல்லாயிரம் ரூபாய்.

அடுத்தது, வண்டி பதிவு செய்யப்பட்ட ஊர். சென்னை, புதுதில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்களும் முதல் மண்டலம். நாட்டின் ஏனைய பகுதிகளெல்லாம் இரண்டாம் மண்டலம். நெரிசலும் திருட்டும் மிகுந்த பெருநகரங்களில் கட்டணம் சற்றே கூடுதல். பழைய கட்டணப் பட்டியலின்படி, ஐந்தாண்டுக்கு உட்பட்ட 1,200 சி.சி. வண்டிக்கு முதல் மண்டலத்தில் மதிப்பின் 3.283 விழுக்காடு, இரண்டாம் மண்டலத்தில் 3.191 விழுக்காடு. நான்கு லட்சம் ரூபாய் மதிப்புள்ள வண்டிக்கு இவ்வேறுபாடு 368 ரூபாய்தான். பணிமாற்றம் பெற்றுத் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு வண்டியையும் கொண்டுவரும் குடும்பத்தார், பன்னிரண்டு மாதத்திற்கு மேல் இங்கே வைத்திருந்தால் அதனை இங்கே மறுபதிவு செய்தல் வேண்டும். அப்போது மண்டலமும் மாறும். சென்னையிலிருந்து வருவோருக்கு மண்டல மாற்றம் இல்லை. அடிக்கடி மாநிலம் மாறும் மத்திய அரசு ஊழியர் போன்றோருக்காக 2021 இல் ‘பி.எச்.’ என்னும் பாரத் வரிசைப் பதிவெண் கொண்டுவரப்பட்டது. அவ்வெண் பெற்ற வண்டிக்கு மறுபதிவு தேவையில்லை.

இதுவரை கூறியவற்றுள் ஓட்டுநர் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே யார் ஓட்டப் போகிறார் என்பதே முதற்கேள்வி. அவரது வயது, தொழில், உரிமம் பெற்ற ஆண்டு, முந்தைய விதிமீறல்கள் யாவும் கட்டணத்தைத் தீர்மானிக்கும். பதினெட்டு வயது இளைஞர் ஒருவர், தம் தாயார் செலுத்துவதைப்போலப் பல மடங்கு செலுத்த நேரிடலாம். பெண்களைவிட ஆண்களிடம் மிகுதியாக வாங்கும் வழக்கமும் ஐரோப்பாவில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 இல் வழங்கிய தீர்ப்பால், 2012 டிசம்பர் முதல் அவ்வேறுபாடு நீங்கியது. இந்தியாவில் பெரும்பாலும் ஒரு வண்டியைத் தந்தையும் தாயும் அண்ணனும் ஓட்டுவர். சில வேளைகளில் சம்பளத்திற்கு அமர்த்திய ஓட்டுநரும் ஓட்டுவார். உரிய உரிமம் பெற்ற எவர் ஓட்டினாலும் காப்பீடு பொருந்தும். எனவே இங்கே கட்டணம் வண்டியைச் சார்ந்தே வளர்ந்துள்ளது.

எனினும் வண்டிக்குரியவரின் நடத்தை நுழைவதற்கு ஒரு வாயில் உண்டு. ஓராண்டு முழுவதும் சொந்தச் சேதத்திற்காக எந்த இழப்பீடும் கோராமல் இருந்தால், மறு ஆண்டு அப்பகுதிக் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். தொடர்ந்து கோராமலே இருந்தால் அது 25, 35, 45 என உயர்ந்து, ஐந்தாம் ஆண்டின் முடிவில் 50 விழுக்காட்டில் நிலைக்கும். இடையில் ஒருமுறை கோரினாலும் ஏணியின் அடிப்படிக்கே இறங்க வேண்டியதுதான். ‘நோ கிளெயிம் போனஸ்’ எனப்படும் கோராமைச் சலுகை இதுவே.

இப்போது இரு குடும்பத்தாரின் கணக்கைப் பார்ப்போம். சொந்தச் சேதப் பகுதியின் கட்டணம் இருவருக்கும் 10,000 ரூபாய் எனக் கொள்வோம். மூன்றாம் ஆண்டில் மூன்றாம் தளத்துத் தந்தை வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டார். பம்பர் உடைந்தது. புது பம்பர் 3,000 ரூபாய், கூலி 1,000 ரூபாய். நெகிழிப் பொருள்களுக்குப் பாதி விலையே தரப்படும் என்பது விதி. ஆகவே பம்பருக்கு 1,500, கூலிக்கு 1,000. அதிலும் 1,500 சி.சி. வரையுள்ள மகிழுந்தின் ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 1,000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும். கைக்கு வந்தது 1,500 ரூபாய். அந்த 1,500 ரூபாய்க்காக அவர் இழந்தது, 10,000 ரூபாயில் 35 விழுக்காடாகிய 3,500 ரூபாய்ச் சலுகை. அடுத்த ஆண்டும் இழப்பு தொடரும். ஐந்தாம் தளத்தார் 45 விழுக்காட்டில் நிற்கும்போது இவர் 20 விழுக்காட்டில் நிற்பார்.

ஐந்தாம் தளத்துத் தாய் இடிக்காதவரா? இல்லை. கற்றுக்கொண்ட புதிதில் குடியிருப்பின் வாயிற்கதவில் இருமுறை உரசியிருக்கிறார். இருமுறையும் பழுதுக்குத் தம் கைப்பணத்தையே கொடுத்துவிட்டு, காப்பீட்டை நாடாமல் இருந்தார். ஆகவே அவர் செலுத்தியது 6,500 ரூபாயும் 3,416 ரூபாயும் சேர்ந்த 9,916 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி. மூன்றாம் தளத்தார் செலுத்தியது 13,416 ரூபாயும் வரியும். வண்டி உரிமையாளருக்கான விபத்துக் காப்பீட்டை இருவரும் தனியே வைத்திருந்தமையால் அஃது இக்கணக்கில் சேரவில்லை. உண்மையில் இச்சலுகை நன்றாக ஓட்டியவருக்கு உரியதன்று, கோராதவருக்கு உரியது. பெரிய சேதத்தைக் கையிலிருந்து ஈடு செய்ய எல்லாராலும் இயலாது, அதற்காகத்தானே காப்பீடு? ஆனால் சிறு கீறலுக்குக் கோருமுன், கிடைப்பதையும் இழப்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது தகும்.

கோராமைச் சலுகை வண்டிக்கு உரியதன்று, வண்டிக்குரியவருக்கு உரியது. இடம்பெயரும் குடும்பத்தார் இதனை அறிந்திருத்தல் நன்று. ஊரில் பழைய வண்டியை விற்றுவிட்டு வருவோர், நிறுவனத்திடம் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், மூன்றாண்டுக்குள் வாங்கும் புது வண்டிக்கு அச்சலுகையை மாற்றிக்கொள்ளலாம். வண்டியைத் தாத்தா வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வருவோரோ, அதனை மறந்தே போகின்றனர். காப்பீடு முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், ஐந்தாண்டுகளாகச் சேர்த்த 50 விழுக்காடும் போய்விடும். அந்த 90 நாள்களும் சலுகையைக் காக்க மட்டுமே. அந்நாள்களில் வண்டியை வெளியே எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடையாது.

கட்டணத்தைக் கூட்டுவனவும் சில உள. தில்லியில் பலர் பெட்ரோல் வண்டியில் பின்னர் சி.என்.ஜி. எரிவாயுக் கலம் பொருத்துவர். பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் அதனைக் குறிப்பிட்டுச் சற்றுக் கூடுதலாகச் செலுத்த வேண்டும்; மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். பம்பருக்குப் பாதியே கிடைத்த கதையைக் கண்டோம். முழுத் தொகையும் பெறத் தேய்மானமில்லாக் காப்பீடு என்னும் கூடுதல் பிரிவு உண்டு. மழைக்காலத்தில் மின்டோ பாலத்தின் அடியில் நீர் தேங்கி வண்டிகள் நிற்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நீருக்குள் நின்றுபோன வண்டியை மீண்டும் மீண்டும் முடுக்கினால் இயந்திரம் கெடும். 2015 வெள்ளத்தில் சென்னை மக்கள் கண்ட அனுபவம் இது. அவ்வாறு கெட்ட இயந்திரத்திற்குச் சாதாரணக் காப்பீடு ஈடு தராது. இயந்திரப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தனியே செலுத்தியிருக்க வேண்டும்.

பதினெட்டு வயது நிறையாத ஒருவர் வீட்டு மகிழுந்தை எடுத்துச் சென்று மோதினால் என்ன ஆகும்? உரிமம் இல்லாமையால் நம் வண்டியின் சேதத்திற்கு நிறுவனம் எதுவும் தராது. அடிபட்டவருக்கு நீதிமன்ற ஆணைப்படி இழப்பீடு கொடுத்தாலும், அத்தொகையை வண்டிக்குரியவரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ள அதற்கு வழியுண்டு. அது பல லட்சமாக இருக்கலாம். 2019 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டிக்குரியவருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

ஓட்டும் முறையைப் பார்த்துக் கட்டணம் விதிக்கும் முயற்சியும் இந்தியாவில் தொடங்கிவிட்டது. எவ்வளவு தொலைவு ஓடுகிறது, எவ்வாறு ஓட்டப்படுகிறது என்பவற்றைக் கொண்டு கட்டணம் கணிக்கும் கூடுதல் பிரிவுகளுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2022 ஜூலையில் இசைவளித்தது. வண்டியில் பொருத்திய கருவியோ கைப்பேசிச் செயலியோ வேகத்தையும், திடீரெனத் தடை போடுவதையும் குறித்துக்கொள்ளும். போகுமிடமெல்லாம் ஒரு கருவி குறித்துக்கொண்டே வருவதை விரும்பாதோரும் இருக்கின்றனர். தொலைவை மட்டும் கணக்கிடும் திட்டத்திற்கு அத்துணைத் தயக்கம் இல்லை. ஐந்தாம் தளத்தார் வேலைக்கு மெட்ரோ இரயிலில் செல்கின்றனர். அவர்களது மகிழுந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போய்வருவதோடு சரி. அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது அத்திட்டத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று அவர்கள் குறித்து வைத்திருக்கின்றனர்.