பாஸ்டன் நகரில் ஒரு சிவப்புக் கோடு

ஒரு தேசத்தின் சரித்திரத்தைத் தெருவிலே கோடு கிழித்துக் காட்ட முடியுமா? முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள், அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து ஜனங்கள். அந்நகரத்தின் நடைபாதைகளில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. சில இடங்களில் அது செங்கல் பதித்த கோடு. வேறு சில இடங்களில் வெறும் வர்ணம் பூசிய கோடு. நீளம் சுமார் இரண்டரை மைல். அதை விடாமல் பிடித்துக் கொண்டு நடக்கிறவர்கள், அமெரிக்க சுதந்திரப் புரட்சியோடும் அந்தக் குடியரசின் இளம் பருவத்தோடும் சம்பந்தப்பட்ட 16 ஸ்தலங்களைத் தரிசித்து விடலாம். இதற்குச் 'சுதந்திரப் பாதை' என்று பெயர்.

பாஸ்டன் தெருக்கள் கோணல் மாணலானவை. புதிதாக வருகிறவர்களைத் திண்டாட வைப்பவை. உலகப் பிரசித்தி பெற்ற கட்டிடங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்திலேயே இருந்தும், யாத்ரீகர்கள் வழி தெரியாமல் அலைந்து கொண்டிருந்தார்கள். 1951-ம் வருஷத்தில் வில்லியம் ஸ்கோபீல்டு என்ற பத்திரிகை ஆசிரியர், "இவற்றையெல்லாம் ஒரே பாதையாக இணைத்துவிட்டால் என்ன?" என்ற யோசனையைத் தம் பத்திரிகையில் எழுதினார். நகரத்தின் மேயர் ஜான் ஹைன்ஸ் அதை ஏற்றுக் கொண்டார். பெரிய சட்டமோ, பிரமாதமான செலவோ தேவைப்படவில்லை. முதலில் வழிகாட்டிப் பலகைகள் வந்தன. பின்னர் கோடு வந்தது.

இப்பாதையில் தனியாகவும் போகலாம், வழிகாட்டியுடனும் போகலாம். வழிகாட்டிகளில் பலர் 18-ம் நூற்றாண்டு உடையிலே வருகிறார்கள். தலையில் மூன்று முனைத் தொப்பி, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, நீண்ட அங்கி! ஒவ்வொருவரும் அக்காலத்து பாஸ்டன் வாசி ஒருவரின் வேஷத்தைத் தாங்கிக் கொண்டு, ஒன்றரை மணி நேரம் நடந்துகொண்டே கதை சொல்லுகிறார். நம் ஊர்க் கோயில் பிராகாரத்தில் ஸ்தல புராணம் சொல்லிக் கொண்டு வருகிறவரின் ஞாபகம் வருகிறதல்லவா? வாசகர்களே, நாமும் அந்தக் கோட்டைப் பிடித்துக் கொண்டு புறப்படுவோம்.

மைதானமும் மயானமும்

பாதை ஆரம்பிக்கும் இடம் 'பாஸ்டன் காமன்' என்ற பொது மைதானம். 1634-ல் ஊராரின் மாடுகள் மேய்வதற்காக ஒதுக்கப்பட்ட நிலம் இது. புரட்சிக்கு முந்திய வருஷங்களில் பிரிட்டிஷ் பட்டாளம் இங்கேதான் கூடாரம் அடித்திருந்தது. தங்கள் பசுக்கள் மேய்ந்த புல்லில் அந்நியச் சிப்பாய்கள் அணிவகுப்பதைத் தினந்தோறும் பார்த்துக் கொண்டிருந்த ஜனங்களின் மனம் எப்படிக் கொதித்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

சிறிது தூரத்தில் 1660-ல் ஏற்பட்ட 'கிரானரி' மயானம். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், ராபர்ட் டிரீட் பெயின் ஆகிய மூவரும் இங்கே துயிலுகிறார்கள். ஆடம்ஸின் கல்லறைக்கு அருகிலேயே, துப்பாக்கிக் குண்டுக்கு இரையான ஐந்து சாதாரண மனிதர்களுக்கும் இடம் அளித்திருக்கிறார்கள். அவர்கள் மாண்ட இடத்தைப் பார்க்க இன்னும் சிறிது தூரம் நடக்க வேண்டும்.

ஐவர் விழுந்த இடம்

1713-ல் கட்டப்பட்ட பழைய ராஜாங்க மாளிகையின் எதிரே, தரையில் வட்டமாகக் கற்கள் பதித்திருக்கிறார்கள். 1770-ம் வருஷம் மார்ச் 5-ந் தேதி இரவு, காவலுக்கு நின்ற சிப்பாயை ஒரு கூட்டம் சூழ்ந்து கொண்டு கேலி செய்தது. பனிக்கட்டிகளும் கழிகளும் பறந்தன. உதவிக்கு வந்த சிப்பாய்கள் சுட்டார்கள். ஐந்து பேர் உயிர் நீத்தார்கள். முதலில் விழுந்தவராகச் சொல்லப்படுகிற கிரிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க ரத்தமும் அமெரிக்க ஆதிக்குடி ரத்தமும் கலந்த ஒரு மாலுமி.

பின்னர் நடந்த விசாரணைதான் நம்மை வியக்கச் செய்கிறது. அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட முன்வந்தவர் யார்? பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ்! அவர் தேசபக்தர்; ஆயினும் குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் வக்கீல் வேண்டும் என்று நம்பியவர். தலைவனான காப்டன் பிரெஸ்டன் விடுதலையானான். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலையானார்கள். இருவருக்குக் கட்டை விரலில் சூடு போட்டார்கள். ஆத்திரத்தின் உச்சியில் இருந்த ஊரிலே நியாயம் தலை குனியவில்லை. புரட்சியின் கீர்த்திகளில் இது குறைந்ததன்று என்பது நமது அபிப்பிராயம்.

இதே மாளிகையின் உப்பரிகையிலிருந்துதான் 1776 ஜூலை 18-ந் தேதி சுதந்திரப் பிரகடனம் பாஸ்டன் ஜனங்களுக்குப் படிக்கப்பட்டது. அன்றிரவு கூரை மேலிருந்த சிங்கத்தையும் ஒற்றைக் கொம்புக் குதிரையையும், அந்த அரச சின்னங்களை, கீழே இறக்கிச் சொக்கப்பானை கொளுத்தினார்கள். பிற்காலத்தில் அவற்றின் பிரதிகளைச் செய்து பழைய இடத்திலேயே வைத்து விட்டார்கள். 1976-ல், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் வம்சத்தில் வந்த எலிஸபெத் ராணியே அந்த மாளிகைக்கு விஜயம் செய்தார். காலதேவனின் விளையாட்டு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

தேயிலையும் கம்பெனியும்

இனி வருவது நம் தேசத்துக்கும் சம்பந்தமுள்ள இடம். பழைய தெற்கு மண்டபம் என்பது 1729-ல் கட்டிய கிறிஸ்தவப் பிரார்த்தனை மண்டபம். 1773 டிசம்பர் 16-ந் தேதி சுமார் 5,000 ஜனங்கள் அதன் உள்ளும் புறமும் கூடினார்கள். துறைமுகத்தில் மூன்று கப்பல்களில் தேயிலை வந்து நின்றது. தேயிலை விளைந்தது சீனத்தில். அனுப்பியவர்களோ நமக்கு நன்றாய்த் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனியார்.

கம்பெனியார் அச்சமயம் பெருங்கடனில் மூழ்கியிருந்தார்கள். 1770-ல் வங்காளத்தைப் பாழாக்கிய பஞ்சமும், யுத்தச் செலவும் அவர்கள் வருமானத்தைக் குலைத்திருந்தன. லண்டன் கிடங்குகளிலே தேயிலை விற்காமல் மலை போல் குவிந்து கிடந்தது. அவர்களைக் கரையேற்றுவதற்காகப் பார்லிமெண்டு 1773-ல் ஒரு சட்டம் செய்தது. அதன்படி தேயிலையின் விலை குறைந்தது; ஆனால் ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் அப்படியே நின்றது. "விலை மலிவுதானே, வாங்கிக் கொள்ளுங்கள்" என்றது அரசாங்கம். "எங்கள் சம்மதமின்றி விதித்த வரி, எவ்வளவு சிறியதானாலும் வரிதான்" என்றார்கள் ஜனங்கள்.

அன்றிரவு, 'மோஹாக்' என்னும் ஆதிக்குடிகளைப் போல் வேஷம் தரித்த மனிதர்கள் கப்பல்களில் ஏறி, 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அந்தத் துறையைத் தேடினால் இன்று காணக் கிடைக்காது. கடலைத் தூர்த்து நகரம் வளர்ந்து விட்டது. மண்டபம் மட்டும் சாட்சியாக நிற்கிறது.

இன்னொரு விஷயத்தையும் நம் வாசகர்கள் அறிய வேண்டும். அதே 1773-ல் ஜான் டிக்கின்ஸன் என்ற வக்கீல், 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளியிட்டார். ஆசியாவிலே கொள்ளையடித்து, பஞ்சத்தில் ஜனங்களை மடியவிட்ட கம்பெனி, அடுத்தபடியாக அமெரிக்காவின் மேல் கண் வைத்திருக்கிறது என்று அதிலே எச்சரித்தார். வங்காளத்தின் கண்ணீர் பத்தாயிரம் மைலுக்கு அப்பாலும் ஒரு மனிதரின் பேனாவைத் தொட்டிருக்கிறது!

மறைக்காத உண்மைகள்

அடுத்தது பானுயில் மண்டபம். 1742-ல் பீட்டர் பானுயில் என்ற வர்த்தகர் ஊருக்குக் கொடுத்த தானம். சுதந்திரத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் முழங்கிய இடம். ஆனால் தானம் கொடுத்தவரின் செல்வத்தில் அடிமை வியாபாரத்தின் லாபமும் கலந்திருந்தது. அதே மண்டபத்தில் பிற்காலத்தில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் நின்று நியாயம் கேட்டார். இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சரித்திரம். ஒன்றை விழுங்கிவிட்டால் வெறும் ஸ்தோத்திரம்.

சிவப்புக் கோடு தொடாத இன்னொரு பாதையும் இதே நகரத்தில் உண்டு. பீக்கன் குன்றின் மேல், கறுப்பு ஜனங்களின் வாழ்க்கையையும் போராட்டத்தையும் காட்டும் அந்தப் பாதையில், அவர்கள் 1806-ல் எழுப்பிய பிரார்த்தனை மண்டபம் இருக்கிறது. ஒரு பாதையில் மட்டும் நடந்தவர்கள் பாதி பாஸ்டனைத்தான் பார்த்தவர்கள்.

பால் ரிவியர் என்ற வெள்ளி வேலைக்காரரின் சிறிய மர வீட்டிலும் இப்படி ஓர் உண்மை காத்திருக்கிறது. 1775 ஏப்ரல் 18-ந் தேதி இரவு, பழைய வடக்குக் கோயிலின் கோபுரத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன. பட்டாளம் நீர் வழியாகப் புறப்படுகிறது என்பதற்கு அது அடையாளம். ரிவியர் குதிரையேறி கிராமம் கிராமமாக எச்சரித்துக் கொண்டு போனார். லாங்பெல்லோ என்ற கவி இச்சம்பவத்தைப் பாட்டாக்கியதனால் ரிவியரின் புகழ் உலகெங்கும் பரவியது. அவருடன் அன்றிரவு சவாரி செய்த வில்லியம் டாஸ், சாமுவேல் பிரெஸ்காட் ஆகியோரைப் பலர் அறியார். உண்மையில் கான்கார்டு கிராமம் வரையில் போய்ச் சேர்ந்தவர் பிரெஸ்காட் ஒருவரே. ரிவியர் நடுவழியில் பிடிபட்டார்.

கடைசியில் பங்கர் குன்றின் ஸ்தூபி. உயரம் 221 அடி. ஏறுவதற்கு 294 படிகள். 1775 ஜூன் 17-ந் தேதி நடந்த யுத்தத்தில் குன்றைப் பிடித்தது பிரிட்டிஷார்தான். ஆனால் அதற்காக அவர்களில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டும் காயமுற்றும் போனார்கள். தோற்ற இடத்தில் வெற்றி ஸ்தூபி எழுப்பியிருக்கிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். குடியானவர்களும் தொழிலாளிகளும் ஒரு பெரும் படையை எதிர்த்து நிற்க முடியும் என்று அன்றுதான் உலகம் கண்டது.

காப்பாற்றியவர்கள்

இவையெல்லாம் தாமாகவே பிழைத்து நிற்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. ஜான் ஹான்காக்கின் அழகிய மாளிகையை 1863-ல் இடித்துத் தள்ளினார்கள். அந்த நஷ்டம் பலருடைய மனத்தைச் சுட்டது. 1876-ல் பழைய தெற்கு மண்டபத்தையும் வெறும் கல்லுக்கும் மரத்துக்குமாக 1,350 டாலருக்கு ஏலம் விட்டார்கள். இடிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. அப்போது பாஸ்டன் நகரத்துப் பெண்மணிகள் முன்வந்து கட்டிடத்தை வாங்கினார்கள். நிலத்துக்காக நிதி திரட்டினார்கள். மேரி ஹெமன்வே என்ற சீமாட்டி ஒருவரே 1,00,000 டாலர் அளித்தார். பால் ரிவியரின் வீடும் அவருடைய சந்ததியார் ஒருவர் 1902-ல் விலைக்கு வாங்கியதனாலேதான் தப்பியது.

ஆகவே, யுத்தத்தில் வென்ற தலைமுறைக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோமோ, அவ்வளவு கடமை, கடப்பாரை ஓங்கிய கையைத் தடுத்த தலைமுறைக்கும் உண்டு. அவர்கள் இல்லாவிடில் சிவப்புக் கோடு போய்ச் சேருவதற்கு இடமே இராது. சரித்திரத்தைப் புத்தகத்தில் படிக்கும் குழந்தை பரீட்சை முடிந்ததும் மறந்து விடக்கூடும். ஐந்து பேர் விழுந்த கற்களைச் சுற்றித் தன் சொந்தக் காலால் நடந்து வந்த குழந்தை அவ்வளவு சுலபமாக மறக்காது. உங்கள் ஊரிலும் அத்தகைய கல்லோ, வீடோ, மரத்தடியோ இருக்குமானால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக் கொண்டு நடந்து போய்ப் பாருங்கள். அதன் பெருமையைச் சொல்லுங்கள். குறையிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.